படகை விற்று வாங்கிய கண்ணாடி

வேட்டைச் சாமான் கடைக்குள் குழல் விளக்கு வெளிச்சத்தில் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ஆகா, என்னமா தெரியுது!" என்று வாயைப் பிளக்கிற ஆளைக் கண்டால் லியோனா ஹாஸ்லருக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்ச் சுவரில் தொங்குகிற விளம்பரம் நாற்பதடி தூரத்தில் இருக்கிறது. அதைப் படிக்க வெறுங்கண் போதாதா? மான் என்ன குழல் விளக்குக்குக் கீழேயா வந்து நிற்கப் போகிறது? விடிந்தும் விடியாத நேரத்தில், தன் நிறத்திலேயே இருக்கிற மண்ணில், புதருக்குள் படுத்துக் கிடக்கும். அங்கே தெரிகிறதா என்று பார்க்கத் துப்பில்லை. கடையில் நின்றுகொண்டு ஆகாவாம், ஓகோவாம். சே!

அன்றைக்கு அப்படி வாயைப் பிளந்து நின்றவன் வேறு யாருமில்லை, அவளுடைய தங்கை நடீனின் புருஷன் டெல்பர்ட். டெல் என்றால் மில்ஸ்டோன் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய் கார்பெட் விரிக்கிற வேலை. வாய் ஓயாது. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது; பனிக்காலத்தில் லியோனா கேட்காமலேயே அவள் வீட்டு வாசல் பனியை வாரிவிட்டுப் போவான். ஆனால் எதை வாங்கினாலும் ஊரிலேயே பெரியதாக வாங்கவேண்டும், வாங்கியதை ஊர் முழுக்கப் பீற்றிக்கொள்ளவேண்டும். அந்தப் புத்தியைக் கண்டால் அவளுக்குக் குமட்டும்.

லியோனாவுக்கு ஐம்பத்தொரு வயது. மில்ஸ்டோன் பள்ளிக்கூடத்தின் பத்தொன்பது மஞ்சள் பஸ்களும் காலையில் உறுமிக்கொண்டு கிளம்புகின்றன என்றால் அது அவள் கைவேலை. இருபத்தாறு வருஷமாக அந்தப் பட்டறையில் மெக்கானிக். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு கல்யாணத்தன்றுகூடப் போகவில்லை. அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. புருஷன் பதினோரு வருஷத்துக்கு முன்பு புளோரிடாவுக்குப் போய்விட்டான். வெயிலுக்காகப் போவதாகச் சொன்னான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போகிறவள் அவள். பென்சில்வேனியாவில் அது ஒன்றும் அதிசயமில்லை, சீசன் தொடங்குகிற நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர். மரத்தில் பரண் கட்டி, குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அறுபது கஜ தூரத்தில் மான் வந்து நிற்கும், சுடுவார்கள், இறங்கி வருவார்கள். நாலாபக்கமும் மரம். பரணில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு அலுத்துவிட்டது. பட்டறைச் சுவரில் டயர் கம்பெனி காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் அக்டோபர் மாதத்துப் படம்: மரமே இல்லாத மேட்டில், வானத்தைத் தொடுகிறாற்போல் ஒரு மேற்கத்திய மான். கழுதைக் காது, விரிந்த கொம்பு. அந்த வருஷம் முடிந்து எட்டு வருஷமாகியும் அவள் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. பட்டறையில் எவனாவது "இன்னைக்கும் அக்டோபர்தானா?" என்று கேட்டால், "எனக்கு அக்டோபர்தான், நீ போய் பிரேக்கைப் பாரு" என்பாள்.

அந்த மான் இருக்கிற மேற்கு மாநிலமான வயோமிங்கில் வெளியூர்க்காரர்கள் நினைத்தவுடன் போய் மான் சுட்டுவிட முடியாது. மனுப் போடவேண்டும், குலுக்கலில் பேர் வரவேண்டும். வராத வருஷத்துக்கு ஒரு புள்ளி. புள்ளி சேரச் சேர நல்ல இடத்துக்கு அனுமதி கிடைக்கும். லியோனா எட்டு வருஷமாக ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்து வைத்திருந்தாள். அப்போதுதான் நடீன் வந்து நின்றாள்.

"லீ, டெல்லையும் கூட்டிட்டுப் போயேன். தனியா நீ அங்க போறது எனக்குப் பக்குபக்குன்னு இருக்கு. அவருக்கும் ஆசை."

"அவனுக்குப் புள்ளி ஒண்ணுகூடக் கிடையாது நடீன். ரெண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டா என் எட்டையும் அவன் பூஜ்யத்தையும் கூட்டி ரெண்டால வகுத்துடுவாங்க. நாலுதான் தேறும்."

"நாலு போதாதா?"

போதாது என்று சொல்லியிருக்கவேண்டும். தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. நாலு புள்ளியோடு மனுப் போட்டார்கள். ஏதோ நல்ல நேரம், கிடைத்துவிட்டது. ஆனால் அவள் ஆசைப்பட்ட மேடு இல்லை, அதற்கு இரண்டு படி கீழே உள்ள இடம். போகட்டும், மான் மான்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இந்த வாய்ப்பு போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். அறுபதைத் தொட்டுவிடுவாள், முட்டி அது வரைக்கும் தாங்குமா என்பது சந்தேகம்.

சரி, கடைக்கு வருவோம். தாடியில் எண்ணெய் மினுமினுக்க ஒரு விற்பனையாளன் வந்து ஒட்டிக்கொண்டான்.

"மேற்கே முதல் வேட்டையா மேடம்? அப்படின்னா இது இல்லாம நீங்க கிளம்பவே கூடாது." இலைதழை அச்சடித்த ஓர் உள்ளாடையை எடுத்து நீட்டினான்.

"இதுல என்ன விசேஷம்?"

"உடம்பு வாசனையை அமுக்கிடும். நீங்க இருக்கறதே மானுக்குத் தெரியாது."

"தம்பி, இருபத்தாறு வருஷமா டீசல்லயே குளிக்கிறவ நான். என் வாசனையை அமுக்க ஜட்டி பத்தாது, சவப்பெட்டிதான் வேணும்."

டெல் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு 'டீசல்' என்று பேர் வைத்ததே அவன்தான். "டீசலு, இங்க வா, இதைப் பாரு!" என்று கண்ணாடி மேஜைப் பக்கம் கூப்பிட்டான். துப்பாக்கி மேல் பொருத்துகிற ஸ்கோப் ஒன்றைக் கையில் பிடித்திருந்தான். பருத்து, நீண்டு, மகா அசிங்கமாக இருந்தது.

"இருபத்தஞ்சு மடங்கு! நிலாவுல இருக்கற பள்ளத்தை எண்ணலாம்."

"நிலாவுல மான் மேயுதா?"

"உனக்குப் பொறாமை."

"ஆமாம்டா, வயிறு எரியுது. பைனாகுலர் எங்க?"

"பைனாகுலர் எதுக்கு? அது பத்து மடங்கு, இது இருபத்தஞ்சு. ஒரே வேலைக்கு ரெண்டு கண்ணாடி வாங்க நான் என்ன கோடீஸ்வரனா? இதுலயே பார்த்துக்கலாம், பார்த்த கையோட சுட்டுக்கலாம்."

அவர்கள் ஊர் ஆட்களில் பாதிப்பேர் இப்படித்தான். அறுபது கஜத்தில் மான் வந்து நிற்கிற காட்டில் எவனுக்கும் பைனாகுலர் தேவைப்பட்டதே இல்லை. புதரில் ஏதாவது அசைந்தால் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பில் பார்ப்பார்கள். பரணிலிருந்து கீழே பார்க்கையில் துப்பாக்கிக் குழாய் மண்ணைப் பார்த்திருக்கும், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. வெட்டவெளியில், மைல்கணக்கில் கண் ஓடுகிற இடத்தில், அதே பழக்கத்தோடு போனால்?

"டெல், அந்தக் கண்ணாடி எதைப் பார்க்குதோ அதையேதான் குழாயும் பார்க்குது. தெரியுமில்ல?"

"எனக்கு நீ பாடம் எடுக்காதே, தாயே. நாப்பது வருஷமா சுடறேன்."

மீன் பிடிக்கிற படகை விற்று அந்த ஸ்கோப்பை வாங்கினான். நல்ல படகு. நடீனுக்கு அந்தப் படகு என்றால் உயிர். ஒரு வார்த்தை அவளைக் கேட்கவில்லை. கடையைவிட்டு வெளியே வந்ததும் லியோனா கார் நிறுத்துமிடத்தில் காறித் துப்பினாள்.

அவள் தேடல் வேறு மாதிரி. புதிய சாமான் மீது அவளுக்கு நம்பிக்கை கிடையாது. நல்ல ஸ்பானரைப் பழையதாக வாங்கு, மட்டமான ஸ்பானரைப் புதிதாக வாங்காதே என்பது பட்டறையில் அவள் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிற முதல் வார்த்தை. அந்தக் கோடை முழுக்க அங்கே இங்கே கேட்டு ஐந்து பைனாகுலர்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் பத்து மடங்கு, முன் கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். அதற்குமேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் இறங்கி எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பஸ் நிறுத்துகிற மைதானத்தின் ஒரு கோடியில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வாள். மறுகோடியில், ஹெம்லாக் மரத்து இருட்டுக்கு அடியில், கழித்துப்போட்ட பதினேழாம் நம்பர் பஸ் நிற்கும். அதன் பின் சக்கரத்துக்கு மேல் உள்ளங்கை அகலத் துரு. எந்தக் கண்ணாடியில் அந்தத் துரு கடைசி வரைக்கும் தெரிகிறதோ அதுதான் கண்ணாடி. மூன்று கண்ணாடிகள் பத்து நிமிஷத்திலேயே குருடாகிவிட்டன. ஒன்று தலையை வலிக்கச் செய்தது. உள்ளே குழாய் கோணிக்கொண்டு ஒரு கண்ணுக்கு ஒரு பஸ், மறு கண்ணுக்கு இன்னொரு பஸ். ஐந்தாவதில் துருவின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து சுருண்டிருந்தது வரைக்கும் தெரிந்தது.

அந்த ஐந்தாவது கண்ணாடி, பக்கத்து ஊரில் இருக்கிற ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் பியூலா ஸ்ட்ரைக்கருடையது. குருவி பார்க்கிறவள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கனமில்லாத வேறொன்று வாங்கிக்கொண்டு இதை விற்பனைக்கு விட்டிருந்தாள்.

"எதுக்கு வாங்கறே?" என்று கேட்டாள் பியூலா.

"மான் வேட்டைக்கு."

"ஐயோ, அதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம். இருபது வருஷமா இதுல என்னென்னமோ பார்த்திருக்கேன். பார்த்தது ஒண்ணுகூட செத்ததில்லை."

"இதால பார்த்தா சாகாது மிஸ்ஸஸ் ஸ்ட்ரைக்கர். சுடறதுக்கு வேற சாமான் இருக்கு."

கிழவி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தாள். லியோனா அதன் வாரை மாற்றவில்லை. நீல நிறத்தில், சிட்டுக்குருவிகள் பூவேலை செய்த வார். பட்டறை ஆட்கள் ஒரு மாதம் அதைச் சொல்லியே கிண்டலடித்தார்கள். பாட்டியம்மா பை, பறவையம்மா என்று ஏதேதோ. குரைத்துவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டாள்.

கண்ணாடியைத் தாங்க ஒரு முக்காலி வேண்டும். பழைய கேமரா ஸ்டாண்டு ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. பஸ் வைப்பரின் பிடியை அறுத்து, வளைத்து, பற்றவைத்து, பைனாகுலர் உட்காருகிறாற்போல் ஒரு தலை செய்தாள். பூட்ஸ் மட்டும் புதிது. அதை ஜூன் மாதமே வாங்கி, போட்டுக்கொண்டே வேலை பார்த்து, கால் கொப்புளித்து, கொப்புளம் காய்ந்து, தோல் படிகிற வரைக்கும் விடவில்லை. துப்பாக்கி அவள் அப்பாவுடையது. அதன்மேல் ஒன்பது மடங்குக்கு மேல் போகாத சின்ன ஸ்கோப். போதும், சுடுவதற்குத்தானே. அவளும் ஒரு மடத்தனம் செய்தாள் என்பதை மறைக்கக்கூடாது: மான் மூத்திரம், ஆண் மானை இழுக்கும் என்று சொல்லி விற்ற ஒரு குப்பியை வாங்கினாள். மேற்கே அது எதற்கும் உதவாது என்று வாங்கின பிறகு தெரிந்தது. வெட்கக்கேடு. குப்பையில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் டெல்லின் பிக்கப் வண்டியில் கிளம்பினார்கள். இரண்டு நாள் ஓட்டம். வழியெல்லாம் ஸ்கோப் புராணம். பெட்ரோல் பங்கில், சாப்பிட்ட இடத்தில், முன்பின் தெரியாத லாரி டிரைவரிடம்கூட, "இருபத்தஞ்சு மடங்கு" என்றான். பெட்ரோல் பங்கில் வாங்கிய முட்டை சான்ட்விச்சைவிட அவளுக்கு அந்தப் பேச்சுதான் அதிகம் எதுக்களித்தது.

ஸ்பூன் ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார்கள். முதல் சாயங்காலம் அவள் முக்காலியை ஊன்றி, எதிர்ச் சரிவை இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாகத் தேடிக்கொண்டிருந்தாள். சேஜ் புதர், பாறை, புதர், பாறை. சட்டென்று ஒரு பாறைக்குக் காது முளைத்தது. பெண் மான். காலண்டரில் எட்டு வருஷம் பார்த்த அதே கழுதைக் காது. அதைக் காட்டலாம் என்று பக்கத்தில் திரும்பினால், டெல் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, கீழே சாலையோரம் கூடாரம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெல்!"

"அடிச்சுச் சொல்றேன், அவனுங்க பன்றி இறைச்சி பொரிக்கறானுங்க. வாணலி தெரியுது!"

"துப்பாக்கியை இறக்கு."

"லோடு பண்ணலை, தாயே."

"இறக்குன்னா இறக்கு. வேணும்னா என் பைனாகுலரை வாங்கிப் பாரு."

"குருவி வாரோட அதை நான் கழுத்துல போட்டுக்கணுமா? போ டீசலு."

இறக்கினான். சிரித்துக்கொண்டே இறக்கினான். அந்த இடத்தில் லியோனா இரண்டில் ஒன்று பார்த்திருக்கவேண்டும். நாளைக்கு இந்தத் துப்பாக்கியில் நீ பார்க்கக் கூடாது, பார்த்தால் நான் உன்னோடு வரமாட்டேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வண்டி அவனுடையது, இன்னும் நாலு நாள் இருக்கிறது, சண்டை வந்தால் எட்டு வருஷமும் பாழ். வாயை மூடிக்கொண்டு பீன்ஸ் டப்பாவைச் சூடுபண்ணினாள். மானுக்காக மௌனம் சாதித்தாளே, அந்த மௌனத்தை நினைத்து அவள் பிற்பாடு பட்ட அருவருப்பு டெல்மீது பட்டதைவிடப் பெரிது.

நாலாம் நாள் காலை. மறுநாள் கிளம்பியாகவேண்டும். ஓடைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கச் சரிவில் அவள், அந்தப் பக்க முகட்டில் டெல், நடுவில் ஐந்நூறு கஜம். ஒருவர் பக்கத்துக்கு இன்னொருவர் வரக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள். அவள் மறைவில்லாத சரிவில் ஆரஞ்சு சட்டையோடு குப்புறப் படுத்து, முக்காலியைத் தாழ இறக்கி வைத்துத் தேடினாள். ஏழே முக்காலுக்கு, கீழே இருநூறு கஜத்தில், ஒரு புதருக்குப் பின்னால் காய்ந்த கிளை ஒன்று தெரிந்தது. கிளை திரும்பியது.

கொம்பு. ஒரு பக்கம் நாலு கிளை, மறுபக்கம் நாலு கிளை. படுத்திருந்த கிடா மான், மூக்கை மேல்பக்கம் நீட்டி, அவள் இருக்கிற சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு புதருக்குள் மறைந்திருந்தது, சுட வழியில்லை. எழுந்திருக்கும் வரை காத்திருக்கவேண்டும். அவள் விரலை அசைத்தாலும் ஓடிவிடும். மூச்சைக்கூட எண்ணி எண்ணி விட்டாள். மூக்கு ஒழுகியது. அது தலையைத் திருப்பிய ஒரு நொடியில் இடக்கையுறையால் துடைத்துக்கொண்டாள்.

டெல் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பைனாகுலரை மயிரிழை மேலே தூக்கினாள். முகட்டில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. உட்கார்ந்திருந்தான். முழங்காலில் முழங்கை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லை. ஒரு பெரிய கறுப்பு வட்டம், அதன் கீழே சின்னதாக இன்னொரு கறுப்பு வட்டம். இரண்டும் நேராக அவளைப் பார்த்தன.

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. பெரியது ஸ்கோப், சின்னது துப்பாக்கிக் குழாயின் வாய். இருபத்தைந்து மடங்கில் பார்த்தால் சாவித் துவாரத்தில் பார்க்கிற மாதிரி, ஒரு மேஜை அகலம்தான் தெரியும். அதில் மானைத் தேடிக் கண்டுபிடிக்க ஜென்மத்துக்கும் முடியாது. அந்தப் பழுப்பு நிலத்தில் சுலபமாகக் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று, யாரும் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்று அவள் போட்டிருந்த ஆரஞ்சு சட்டை. மூன்று நாளாக மான் கிடைக்காதவன், கிடைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான் என்று நினைத்தாள். பத்து எண்ணினாள். நகரவில்லை. இருபது. லோடு பண்ணியிருக்கமாட்டான். ஏன் பண்ணமாட்டான், வேட்டைக்கு வந்தவன்? முப்பது. கிடா காதைத் திருப்பியது. ஒரு பக்கம் எட்டு வருஷம், இன்னொரு பக்கம் அவள் மண்டை. இரண்டையும் தராசில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள் அந்தப் பைத்தியக்காரி. நாற்பது வரைக்கும் எண்ணினாள்!

அப்போது கிடா பின்னங்காலை ஊன்றியது. மான் எழுந்திருக்கும்போது பின்பக்கம்தான் முதலில் எழும். அவள் கை தானாகத் துப்பாக்கிப் பக்கம் போனது. கை போகும்போதே இன்னொன்றும் தெரிந்தது. டெல் இருக்கிற இடம், கிடா, அவள், மூன்றும் ஒரே கோட்டில். இது எழுந்து நின்றால் அவன் பார்ப்பான். பார்த்த கையோட சுட்டுக்கலாம் என்று சொன்னவன். கிடாவுக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று அந்தச் சாவித் துவாரத்தில் அவனுக்குத் தெரியாது.

லியோனா எழுந்து நின்றாள். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் வீசிக்கொண்டு, வாழ்க்கையில் கத்தாத கத்தல் கத்தினாள். கிடா நாலு காலும் ஒன்றாக எம்பி, பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் பள்ளத்தில் இறங்கி மறைந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை, அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மெதுவாக இறங்கியது. டெல் கையைத் தூக்கி உற்சாகமாக ஆட்டினான்.

பள்ளத்தில் இறங்கி ஏற அவளுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. முட்டி ஒவ்வோர் அடிக்கும் கத்தியது.

"ஏன் எழுந்திரிச்ச? பைத்தியமா உனக்கு? என்னா கிடா தெரியுமா அது!" என்றான் டெல்.

அவள் அவன் மடியிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். சேப்டி பூட்டு முன்பக்கம் தள்ளியிருந்தது, சுடத் தயார் என்கிற சிவப்புப் புள்ளி தெரிந்தது. தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்டைப் பின்னுக்கு இழுத்தாள். தோட்டா ஒன்று எகிறிப் புல்லில் விழுந்தது.

"சும்மா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "டிரிகர்ல விரலே வைக்கலை. சத்தியமா."

அவள் குனிந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். போல்டை முழுதாக உருவி அதையும் போட்டுக்கொண்டாள், அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. முகடு ஓரம் போய், வயிற்றில் இருந்ததை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வருகிற இரண்டு நாளும் அவள் பேசவில்லை. அவன் நெப்ராஸ்கா வரைக்கும் முறுக்கிக்கொண்டிருந்தான், அயோவாவில் பாட்டுப் போட்டான், ஓஹையோ வந்ததும் பழைய டெல் ஆகிவிட்டான். அந்த மனுஷனுக்கு எதுவும் ஒட்டாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடீன் சாப்பிடக் கூப்பிட்டாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் வெந்த மணம் வாசல்வரை வந்தது. லியோனா உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் டெல் தொடங்கிவிட்டான்.

"நடீன், உங்க அக்கா பண்ணின கூத்தைச் சொன்னேனா? சூப்பர் கிடா படுத்திருக்கு. இவ என்னமோ எழுந்து கையைக் காலை ஆட்டி, ஆர்ப்பாட்டம் பண்ணித் துரத்திட்டா! ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஸ்கோப்பு இருக்கே, அது சாதாரண சாமான் இல்ல. ஐந்நூறு கஜம்! டீசலோட கண்ணிமை தெரியுது. இவ மூக்கு ஒழுகுது, இடக்கையுறையால சர்ருன்னு துடைக்கறா, அதுகூட எனக்குத் தெரியுது!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். நடீனும் பாதி சிரித்தாள். சிரிப்பு அந்தப் பாதியிலேயே நின்றது.

"எதுல பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கோப்புலதான். அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"துப்பாக்கி மேல இருந்ததா?"

டெல் வாயில் இருந்ததை மென்றான். லியோனா சட்டைப் பைக்குள் கையை விட்டு, அந்தத் தோட்டாவை எடுத்து, உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"இது உள்ள இருந்தது," என்றாள். அந்தக் காலைக்குப் பிறகு டெல் முன்னால் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நடீன் தோட்டாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் மில்ஸ்டோனில் பிறந்தவள், பன்னிரண்டு வயதில் பரண் ஏறினவள். யாரும் அவளுக்கு விளக்கவேண்டியதில்லை.

"டெல், சேப்டி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்திருப்பேன்," என்றான் டெல்.

நடீன் தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அவள் அதை மூடவில்லை. டெல் தோட்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லியோனா துப்பாக்கியின் போல்டை எடுத்துத் தோட்டாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். குருவி வார் போட்ட பைனாகுலரை அவன் பிக்கப் வண்டியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். போகும்போது வண்டிக் கதவைத் திறந்து அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மே மாதம் மனுப் போடுகிற நேரம் வந்தது. பட்டறையில், அந்த அக்டோபர்த் தாளுக்குக் கீழே உட்கார்ந்து அவள் அதை நிரப்பினாள். சேர்த்து வைத்த புள்ளி எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தது. உடன் வருபவர் பெயர் என்று கேட்ட கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.